பங்காளிப் பூனை

என் மச்சான் வாங்கி வந்த பூனைக்கு ஐந்து தலைமுறைக் கொடிவழியோடு பத்திரம் இருக்கிறது. எங்கள் தாத்தாவுக்குப் பிறந்த தேதியே கிடையாது. ஐ.சி. என்கிற அடையாள அட்டைக்குப் பதியப் போன இடத்தில், "ஊரிலே பெரிய வெள்ளம் வந்த வருஷம்" என்றாராம். அங்கிருந்த கிராணி தன் மனசுக்குப் பிடித்த ஒரு தேதியை எழுதிக் கொடுத்துவிட்டார். கடைசிவரை அந்தத் தேதியில்தான் தாத்தாவுக்கு வயது ஏறியது. பூனைக்கோ அப்பன், பாட்டன், கொள்ளுப்பாட்டன், எள்ளுப்பாட்டன் என்று தாய்வழி தந்தைவழி இரண்டிலும் அச்சடித்த பெயர்கள். ஒவ்வொன்றும் ஜமீன்தார் பெயர் மாதிரி ஒரு வரி நீளம். விலை ஆறாயிரம் வெள்ளி. மச்சான் ஓட்டும் மோட்டார் சைக்கிளே அதில் பாதி பெறாது.

கூண்டைத் திறந்ததும் பூனை வெளியே வந்து, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவள் மாதிரி எங்கள் ஜார்ஜ்டவுன் கடைவீட்டைச் சுற்றிப் பார்த்தது. தேன் நிற உடம்பு. அதில் கரும்பழுப்புப் புள்ளிகள். சில புள்ளிகளுக்குள் இன்னொரு நிறம், சிறுத்தைக்கு இருக்கிற மாதிரி. வெயில் படுகிற இடத்தில் மயிர் நுனி சரிகை போல மினுங்கியது. அத்தை முறத்தைக் கீழே வைத்தார்.

"இது எந்த ஊருப் பூனைடா?"

"பெங்கால்மா."

"வங்காளியா? தலைப்பாகையைக் காணோமே?"

வெளியூர்க்காரர்களுக்கு இந்த இடத்தில் விளக்கம் தேவைப்படும். மலேசியத் தமிழர் பேச்சில் வங்காளி என்றால் சீக்கியர். பஞ்சாபுக்கும் வங்காளத்துக்கும் நடுவே பாதி இந்தியா கிடப்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் போலீஸ் வேலைக்கும் ஜாகா என்கிற காவல் வேலைக்கும் இங்கே வந்த சீக்கியர்கள் கல்கத்தாவில் கப்பலேறினார்கள். கல்கத்தாவில் ஏறினால் வங்காளி. அவ்வளவுதான் கணக்கு. துறைமுக ஊரில் ஜாதகம் பார்த்துப் பெயர் வைக்க யாருக்கு நேரம்? எங்கே கப்பலேறினாயோ அதுதான் உன் குலம், கோத்திரம் எல்லாம். சோழமண்டலக் கரையில் ஏறியவர்கள் சூலியா ஆனார்கள். அவர்கள் பெயரில் ஒரு தெருவே இருக்கிறது. வடக்கிலிருந்து வந்த முஸ்லிம்களுக்கு லீத் ஸ்திரீட்டில் பெங்காலி மசூதி இருக்கிறது. எங்கள் தாத்தா ரஜூலா கப்பலின் மேல்தட்டில் நாகப்பட்டினத்துக் கருவாட்டு மூட்டைக்கும் யாரோ ஒருவரின் வாந்திக்கும் நடுவே படுத்து வந்தவர். அவருக்கு இந்த ஊர் வைத்த பெயர்களை இங்கே எழுத முடியாது.

பூனை விஷயத்திலும் இதேதான் நடந்தது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

18ஆம் நூற்றாண்டு. வங்காளக் கரைக்கு அப்பால் ஒரு கப்பல் நங்கூரம் போட்டு நிற்கிறது. புள்ளி போட்ட ஒரு காட்டுப்பூனை கடலில் நீந்தி வந்து அதில் ஏறிக்கொள்கிறது. டிக்கெட் இல்லை, பாஸ்போர்ட் இல்லை, கங்காணி இல்லை, முன்பணம் இல்லை. கதையைக் கட்டியது நான் அல்ல. தாமஸ் பென்னன்ட் என்ற இயற்கை ஆராய்ச்சியாளர் தம் விலங்கு நூலில் எழுதி வைத்திருக்கிறார். நம் ஆட்கள் கள்ளத்தோணி என்று வசவு வாங்கியதற்கு வெகுகாலம் முன்பே ஒரு பூனை கள்ளக்கப்பல் ஏறியிருக்கிறது. இங்கிலாந்தில் இறங்கிய கையோடு, குளிர் தாங்குமா, சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா என்றெல்லாம் யோசிக்காமல், அந்த ஊர் வீட்டுப்பூனைகளோடு குடும்பம் நடத்தி இரண்டு முறை குட்டிக்கும் தகப்பனாகிவிட்டது. அதன் பிள்ளை ஒன்று இரண்டடித் தண்ணீருக்குள் முங்கி இறைச்சித் துண்டை எடுத்ததாம். ஒரு விதை வியாபாரியின் சரக்கறையில் உள்ளூர்ப் பூனைகள் கைவிட்ட எலிக்கூட்டத்தை ஒழித்துக் கட்டியதாம். 1792இல் ராபர்ட் கெர் இந்தச் சிறுத்தைப்பூனைக்கு அறிவியல் பெயர் வைத்தார்: பெங்காலென்சிஸ். வங்காளத்தில் கப்பலேறியது, எனவே வங்காளி. அத்தையின் கணக்கும் கெர் துரையின் கணக்கும் ஒன்றுதான். அத்தை லத்தீனில் சொல்லவில்லை.

இந்தியாவிலிருந்து ரஷ்யாவின் கிழக்கு மூலைவரை, இந்தப் பக்கம் மலாயாத் தீபகற்பம்வரை திரிகிற பூனைக்கு வங்காளத்தின் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது இப்படித்தான். எங்கள் பக்கம் அதற்கு மலாயில் கூச்சிங் பாத்து, கல்லுப்பூனை. செம்பனைத் தோட்டங்களில் ராத்திரி எலி பிடித்துத் தின்கிற தொழிலாளி. சம்பளம் இல்லை, ஈ.பி.எஃப். இல்லை. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி முழுப் பாதுகாப்பு உண்டு. பிடித்து வீட்டில் கட்டி வைத்தால் நம்மைப் பிடித்து வேறு இடத்தில் கட்டி வைப்பார்கள்.

வங்காளப் பெயரால் பாதிக்கப்பட்டது பூனை மட்டுமல்ல, இந்தத் தீவே வங்காளத்தின் வளர்ப்புப் பிள்ளைதான். பிரான்சிஸ் லைட் 1786 ஜூலை 17இல் இங்கே இறங்கினார். ஆகஸ்ட் 11இல் கொடியேற்றி, வேல்ஸ் இளவரசர் தீவு என்று பெயர் சூட்டினார். இருந்த பெயரை அவர் யாரிடமும் கேட்டதாகத் தெரியவில்லை. காட்டை வெட்ட ஆள் வராததால் பீரங்கியில் வெள்ளிக்காசைப் போட்டுக் காட்டுக்குள் சுட்டார், மக்கள் காசு தேடிக் காட்டை வெட்டினார்கள் என்று ஒரு கதை உண்டு. உலகத்திலேயே சம்பளத்தைச் சுட்டுக் கொடுத்த ஒரே முதலாளி. தீவின் நிர்வாகம் கல்கத்தாவிடம் இருந்தது. 1805இல் பினாங்குக்குப் பதவி உயர்வு: வங்காளம், சென்னை, பம்பாய்க்குச் சமமாக நான்காவது மாகாணம். கவர்னர் என்ன, கவுன்சில் என்ன, ராபிள்ஸ் என்ற இளைஞர் உதவிச் செயலாளராக வந்து இறங்கியது என்ன! செலவு ஏறியதே தவிர வரவு ஏறவில்லை. 1830இல் பதவியைப் பிடுங்கி மறுபடியும் வங்காளத்தின் கீழ் தள்ளினார்கள். ஆக, பெங்கால் என்று சொல்லிக்கொள்ளப் பூனைக்கு இருக்கும் உரிமையைவிடப் பினாங்குக்காரனுக்கு ஒரு பிடி அதிகமாகவே இருக்கிறது. எங்களுக்கு ஆறாயிரம் வெள்ளி யாரும் தரமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

ரொட்டிக்கும் இதே கதி. பினாங்கில் ரொட்டி பெங்காலி என்று ஒன்று உண்டு. தடித்த வெள்ளை ரொட்டி. கரியடுப்பில் வாட்டி, காயா தடவி, அரைவேக்காட்டு முட்டையோடு பசியாறலாம். அதற்கும் வங்காளத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ரொட்டிக்கிடங்கு வைத்த தமிழ் முஸ்லிம் முதலாளி வேலையாட்களையும் பங்கு சேர்த்துக்கொண்டாராம். பங்காளி ரொட்டி என்று வழங்கியது நாக்கு மாறி நாக்கு மாறிப் பெங்காலி ஆனதாம். இந்த ஊரில் பலரும் சொல்லும் கதை. ஆதாரம் கேட்காமல் நான் நம்புகிற ஒரு சில விஷயங்களில் இதுவும் ஒன்று.

இனிப் பூனையின் நேர் வம்சத்துக்கு வருவோம். இங்கேதான் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அமெரிக்காவில் ஜீன் சக்டன் என்றொரு பெண்மணி. பின்னாளில் மறுமணத்தால் ஜீன் மில். மாணவியாக இருந்தபோதே பூனைக் கலப்பைப் பற்றிக் கட்டுரை எழுதியவர். பெர்சியனையும் சயாமீஸையும் சேர்த்து இமயமலையைக் கனவிலும் காணாத இமாலயன் பூனையை உருவாக்கியவர்களில் ஒருவர். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் செல்லப்பிராணிக் கடைகளிலேயே சிறுத்தைப்பூனை விற்றார்கள், நம்மூர்ச் சந்தையில் கோழிக்குஞ்சு விற்கிற மாதிரி. ஜீன் ஒரு பெண் சிறுத்தைப்பூனையை வாங்கி வந்தார். அதன் பெயர் என்ன தெரியுமா? மலேசியா.

துங்கு அப்துல் ரஹ்மான் மலேசியா என்ற யோசனையைச் சிங்கப்பூரில் வாய்விட்டுச் சொன்னது 1961 மே 27. நாடு பிறந்தது 1963 செப்டம்பர் 16. இங்கே துங்கு நாலு பிரதேசங்களைச் சேர்த்து வைக்க லண்டனுக்கும் சிங்கப்பூருக்கும் அலைந்துகொண்டிருந்த நாட்களில், அங்கே அரிசோனாவில் மலேசியா தனியாக ஏங்கிப்போய் இருக்கிறாளே என்று ஒரு கறுப்பு ஆண்பூனையைத் துணைக்கு விட்டார் ஜீன். சாதாரண வீட்டுப்பூனை. கொடிவழியும் கிடையாது, பத்திரமும் கிடையாது. வேற்று இனத்தோடு ஒன்றும் நடக்காது என்று நினைத்தார். நடந்தது. குட்டிக்குக் கின்கின் என்று பெயர். இன்று உலகமெங்கும் கண்காட்சி மேடையில் தலை நிமிர்ந்து நிற்கும் பெங்கால் வம்சத்தின் முதல் அத்தியாயம், பெரியவர்கள் அசந்த நேரத்தில் துணைக்கு விட்ட கறுப்பனோடு நடந்த சங்கதி. பிறகு கின்கினை அவள் அப்பனோடேயே சேர்த்து அடுத்த ஈற்று எடுத்தார்கள். பூனைகளுக்கு முறை கிடையாது; பத்திரிகைக்கு இருக்கிறது என்பதால் இத்தோடு விடுகிறேன். கணவர் காலமானபின் ஜீன் வீடு மாறினார். மலேசியா சான் டியேகோ விலங்குக்காட்சிச்சாலைக்குப் போய்ச் சேர்ந்தாள். கின்கின் நிமோனியாவில் இறந்தாள். கதை முடிந்ததென்று பதினைந்து வருஷத்துக்கு எல்லாரும் நினைத்தார்கள்.

இதற்கிடையில் வில்லர்ட் சென்டர்வால் என்ற டாக்டர் வேறொரு காரணத்துக்காகச் சிறுத்தைப்பூனையையும் வீட்டுப்பூனையையும் கலந்துகொண்டிருந்தார். வீட்டுப்பூனைகளைக் கொல்லும் ரத்தப்புற்று வைரஸ் காட்டுப்பூனையை அசைப்பதில்லை போலிருக்கிறதே, ஏன் என்று அவருக்கு ஆராய்ச்சி. ஆராய்ச்சி முடிந்தபின் குட்டிகளை என்ன செய்வது? 1980 வாக்கில் சில பெண்குட்டிகள் ஜீனிடம் வந்தன. பெண்குட்டிகள் மட்டும்தான் பிரயோஜனம். இந்தக் கலப்பில் முதல் இரண்டு மூன்று தலைமுறை ஆண்கள் பார்வைக்கு ராஜா, வேலைக்குப் பூஜ்யம், பிள்ளை பிறக்காது. எனவே வம்சம் முழுக்கப் பெண்வழியாகவே நடந்தது. நாலாவது தலைமுறையில்தான் வீட்டுப்பூனை என்று மதித்து உள்ளே விடுவார்கள்.

பெண் இருக்கிறது, மாப்பிள்ளை வேண்டுமே. ஜீன் 1982இல் டெல்லி விலங்குக்காட்சிச்சாலைக்கு வந்தபோது காண்டாமிருகத்தின் அடைப்புக்குள் ஒரு தெருப்பூனை குடியிருப்பதைப் பார்த்தார். ஆரஞ்சுத் தோலில் அழுத்தமான புள்ளி. அதன்மேல் தங்கத்தூள் தூவிய மாதிரி மினுக்கம். காண்டாமிருகத்தோடு ஒண்டுக்குடித்தனம் நடத்துகிறவனுக்குத் தைரியத்துக்கு என்ன குறை? டோரி ஆஃப் டெல்லி என்று பட்டம் கட்டி அமெரிக்காவுக்குக் கூட்டிப் போய்விட்டார். அதே டெல்லியில் அதே வருஷம் எத்தனை பட்டதாரிகள் கையில் கோப்போடு அமெரிக்கத் தூதரக வாசலில் நின்றார்களோ, டோரி ஒரு படிவம்கூட நிரப்பவில்லை. மச்சான் பூனையின் மேல் மின்னுகிறதே சரிகை, அது டோரி வீட்டுச் சீர்.

அனைத்துலகப் பூனைச் சங்கமான டீக்கா 1991இல் பெங்காலுக்குச் சாம்பியன் பட்டத்துக்குப் போட்டியிடும் தகுதி தந்தது. அமெரிக்காவின் பழைய சங்கமான சி.எஃப்.ஏ. காட்டு ரத்தம் கூடாதென்று கதவைச் சாத்தி வைத்திருந்து 2016இல்தான் திறந்தது. ஜீன் 2018இல் மறைந்தார். மலேசியா என்ற முன்னோடி, டாக்டரின் ஆராய்ச்சியில் மிஞ்சிய பெண்கள், டெல்லித் தெருப்பிள்ளை மாப்பிள்ளை, அமெரிக்க விலாசம், வங்காளப் பெயர். இதைத்தான் கலப்பில்லாத உயர்சாதி என்று பத்திரத்தில் முத்திரை குத்தித் தருகிறார்கள்.

பெங்காலை மட்டும் குறை சொல்வானேன். சிங்கப்பூரா என்று குட்டியூண்டு பூனையினம் உண்டு. சிங்கப்பூர்ச் சாக்கடையில் கண்டெடுத்தது என்று கொண்டுபோய்ப் பதிந்தார்கள். பின்னால் பார்த்தால், அந்தப் பூனைகள் 1974இல் அமெரிக்காவிலிருந்து சிங்கப்பூருக்குள் இறக்குமதியான காகிதம் கிடைத்தது. சிங்கப்பூர் சுற்றுலாத் துறை அசரவில்லை. கூச்சிந்தா என்று பெயர் வைத்து 1991இல் ஊரின் சின்னமாகவே ஆக்கிக்கொண்டது.

சரி, வீட்டுக்கு வருவோம். ராணி என்று மச்சான் வைத்த பெயர் வீட்டில் ஒட்டவில்லை. அத்தை வாயில் அவள் வங்காளிதான். எங்கள் வீடு போருக்கு முந்தியது. வாசலில் குறுகி உள்ளே ரயில்வண்டி மாதிரி நீண்டு, நடுவில் வானம் பார்த்த முற்றம். முற்றத்தில் சிமெண்டுத் தொட்டி. பூனை தண்ணீருக்குப் பயப்படும் என்று நினைத்து அதில் அத்தை நாலு மீன் வளர்த்தார். முதல் வாரத்தில் மூன்று, இரண்டாவது வாரத்தில் தொட்டிக்குள் வங்காளி மட்டும்தான் இருந்தாள். கழுத்துவரை தண்ணீரில், கண்ணை மூடிக்கொண்டு, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகுமுன் குளிக்கிறவள் மாதிரி. ஒரு மாதத்தில் குழாய் திறக்கப் பழகினாள். மூடப் பழகவில்லை. ரப்பர் பந்து, சாவிக்கொத்து, அத்தையின் பல்செட் என்று பிடித்ததையெல்லாம் கவ்விப்போய்த் தன் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு வைப்பாள். ராத்திரி கதவின் மேல்விளிம்பில் உட்கார்ந்து, கீழே போகிற தலையைத் தட்டுவாள். குரல் மியாவ் இல்லை. கூரைக்கு மேல் யாரோ இரும்புக்கட்டிலை இழுக்கிற சத்தம்.

மச்சானுக்கு வியாபாரக் கணக்கு இருந்தது. கோலாலம்பூரில் ஒரு பெங்கால் மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தான். பொருத்தம் பார்ப்பதில் நம் ஜோசியர்கள் பிச்சை வாங்க வேண்டும்: ரத்த அணுவைச் சிதைக்கும் நொதிக் குறை இருக்கிறதா, கண் பார்வை மங்கும் மரபு இருக்கிறதா, இதயச்சுவர் தடித்திருக்கிறதா என்று பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் தனித்தனிச் சோதனை. வயிற்றில்கூடப் புள்ளி இருக்கவேண்டும். பிறகு பெண்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகவேண்டும். பணமும் பெண்வீடுதான் கொடுக்கவேண்டும்.

"இவங்களும் நம்ம ஆளுங்கதான் போல" என்றார் அத்தை.

பஸ் டிக்கெட் எடுத்த வாரத்தில் வங்காளி கத்த ஆரம்பித்தாள். மூன்று ராத்திரி தெருவே தூங்கவில்லை. நாலாவது ராத்திரி சத்தமில்லை. எல்லாரும் நிம்மதியாகத் தூங்கினோம். அங்கேதான் தவறினோம்.

தெருமுனையில் ஒரு காக்கா கடை, தமிழ் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. அங்கே ஆராங் என்றொரு பூனை. மலாயில் கரி என்று அர்த்தம். ஒரு காது கிழிசல். வால் பாதியோடு நின்று நுனியில் முடிச்சுப் போட்டிருக்கும். மலாய்த் தீவுகளிலும் சயாமிலும் பூனைகளுக்கு வால் பாதிதான், நுனியில் முடிச்சு என்று டார்வினே 1868இல் எழுதியிருக்கிறார். ஆராங்கின் கொடிவழியில் டார்வின் கையெழுத்து இருக்கிறதென்று வைத்துக்கொள்ளலாம். 2013இல் இந்த ஊர்த் தெருப்பூனைகளுக்காக '101 தொலைந்த குட்டிகள்' என்று சுவர்களில் பூனை ஓவியம் தீட்டினார்கள். சுற்றுலாக்காரர்கள் இன்னும் சுவரில் இருக்கிற பூனையோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆராங் அவர்கள் காலடியில் மீன்தலை தின்னும். ஒருவரும் படம் எடுக்கமாட்டார்கள். அது முற்றத்துக் கூரை ஓட்டில் நிற்பதை அத்தை மறுநாள் காலை பார்த்தார். யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்பது வாரத்தில் நாலு குட்டி. மச்சான் ஒவ்வொன்றாகத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். இரண்டு சுத்தக் கறுப்பு. ஒன்று வரியா புள்ளியா என்று அதற்கே தெரியாத ரகம். நாலாவது, தேன் நிறம், வரிசையாகப் புள்ளி, வயிற்றிலும் புள்ளி. அவன் முகம் மலர்ந்தது. வாலைத் தடவினான். நுனியில் முடிச்சு.

"அத்தான், இதைப் பதிய முடியாதுல்ல?"

"அமெரிக்காவில ஒரு கறுப்பனை வச்சு ஆரம்பிச்சதுக்குப் பதிஞ்சிருக்காங்க. எழுதிப் பாரேன்."

அவன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அத்தை குட்டிகளுக்குச் சாம்பிராணி காட்டிவிட்டு, முடிச்சுவாலை மட்டும் முந்தானையில் வைத்துக் காக்கா கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அப்பன் வீட்டில் ஒரு பிள்ளையாவது வளரவேண்டுமாம்.

இப்போது அது தேத்தண்ணீர்க் கோப்பை கழுவுகிற அலுமினியத் தொட்டிக்குள் உட்கார்ந்து கரண்டிகளைக் கையால் தள்ளி விளையாடுகிறது. போன ஞாயிறு கோலாலம்பூரிலிருந்து வந்த ஓர் இளைஞன் நாசி கண்டாரைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துபோய் அதன் முதுகைத் தடவித் தடவிப் பார்த்தான்.

"காக்கா, இது பெங்காலா?"

காக்கா தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்:

"பெங்காலி காலையிலேயே முடிஞ்சிருச்சு தம்பி. ரொட்டி சானாய்தான் இருக்கு."